முகலே ஆஸம் வீட்டில் பார்ப்பவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முகலே ஆஸம் படத்தை டிவிடியில் பார்த்தவர்களின் கருத்துகளை வரிசையாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். ஒருவர் "கண்கொள்ளாக் காட்சி" என்கிறார். அடுத்தவர் "மெழுகு பொம்மைகள்" என்கிறார். ஒருவருக்கு இசை தெய்வீகம், இன்னொருவருக்கு "யாரோ புதிதாக வாசித்துக் கெடுத்துவிட்டார்கள்". பெரும்பாலான நேரம் இவர்கள் பார்த்தது ஒரே பெயரில் கிடைக்கும் இரண்டு வெவ்வேறு வடிவங்களை. அந்தச் சிக்கலைப் பிரித்துக் காட்டவே, திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை, கேட்பவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

முதல்ல இது என்ன படம்? சுருக்கமா சொல்லுங்க.

பேரரசர் அக்பரின் மகன் சலீம், அரண்மனைப் பணிப்பெண்ணான அனார்கலியைக் காதலிக்கிறான். அப்பா ஒப்பவில்லை. மகன் படை திரட்டித் தந்தைக்கு எதிராகவே நிற்கிறான். அக்பராகப் பிரித்விராஜ் கபூர், சலீமாகத் திலீப் குமார், அனார்கலியாக மதுபாலா, ராணி ஜோதாவாகத் துர்கா கோட்டே நடித்தார்கள். இயக்கம் கே. ஆசிப், இசை நௌஷாத், பாடல்கள் ஷகீல் பதாயூனி, ஒளிப்பதிவு ஆர்.டி. மாத்தூர்.

1960 ஆகஸ்ட் 5 அன்று பம்பாய் மராத்தா மந்திர் திரையரங்கில் வெளியானது. ஆனால் வேலை தொடங்கியது 1940களிலேயே. முதல் தயாரிப்பாளர் நாட்டுப் பிரிவினையின்போது பாகிஸ்தான் போய்விட்டார். அக்பராக நடிக்க இருந்த சந்திரமோகன் 1949-ல் இறந்துபோனார். பிறகு ஷாபூர்ஜி பல்லோன்ஜி பணம் போட முன்வந்ததும், நடிகர்களை மாற்றி மறுபடி முதலிலிருந்து எடுத்தார்கள்.

எங்க அம்மா சின்ன வயசுல பார்த்த 'அனார்கலி' இதுதானா?

அநேகமாக இல்லை. இதே கதையை வைத்து முகலே ஆஸத்துக்கு முன்பே படங்கள் வந்துவிட்டன. 1953-ல் பீனா ராய், பிரதீப் குமார் நடித்த இந்தி 'அனார்கலி' ஒன்று. 1955-ல் அஞ்சலி தேவி, நாகேஸ்வர ராவ் நடித்த 'அனார்கலி' இன்னொன்று. வீட்டுப் பெரியவர்கள் "அனார்கலி" என்ற பெயரைச் சொன்னால் அந்த இரண்டில் ஒன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கண்ணாடிகள் பதித்த மண்டபத்தில் ஆயிரம் பிம்பங்களாக ஒரு பெண் ஆடியது நினைவிருக்கிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால் அது முகலே ஆஸம்.

எத்தனை வடிவம் இருக்கு?

வீட்டில் பார்க்கக் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று 1960-ன் மூலம்: 197 நிமிடம், பெரும்பகுதி கறுப்பு வெள்ளை, சில ரீல்கள் மட்டும் டெக்னிகலர் என்ற வண்ண முறை, ஒற்றைத் தட மோனோ ஒலி. மற்றொன்று 2004 நவம்பர் 12-ல் திரையரங்குக்கு வந்த முழு வண்ண வடிவம். இது கணினியில் வண்ணம் ஏற்றப்பட்டது, 177 நிமிடமாகச் சுருக்கப்பட்டது, ஒலியும் பல தடங்களாகப் புதுப்பிக்கப்பட்டது.

வண்ணத்தைச் சொல்பவர்கள் அந்த 20 நிமிடத்தையும் ஒலியையும் சொல்ல மறந்துவிடுகிறார்கள். யாருடைய கருத்தைப் படித்தாலும் இந்த மூன்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

உறையைப் பார்த்து எது எதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

உறையின் முன்பக்கப் படத்தை நம்பாதீர்கள். கறுப்பு வெள்ளை டிஸ்க்குக்கும் வண்ண ஓவியத்தையே அச்சிடுவது வழக்கம். பின்பக்கத்தில் மூன்று விஷயம் பாருங்கள். முதலில் ஓடும் நேரம்: 197-ஐ ஒட்டியிருந்தால் மூலம், 177-ஐ ஒட்டியிருந்தால் வண்ணம். அடுத்து ஒலி: மோனோ என்றோ 2.0 (இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி) என்றோ மட்டும் இருந்தால் மூலமாக இருக்கலாம், 5.1 (ஆறு ஸ்பீக்கருக்கான ஒலி) என்றால் புதுப்பித்த ஒலி. கடைசியாகப் பதிப்பாண்டு: 2004-க்கு முந்தைய டிஸ்க்கில் முழு வண்ண வடிவம் இருக்க வழியே இல்லை.

உறையில் அச்சிட்ட நேரமும் சில சமயம் தவறாக இருக்கும். டிஸ்க்கைப் போட்டு ரிமோட்டில் 'டிஸ்ப்ளே' பொத்தானை அழுத்தினால் வரும் மொத்த நேரம்தான் கணக்கு.

என் டிவிடில 189 நிமிஷம்னு காட்டுது. எட்டு நிமிஷத்தை வெட்டிட்டாங்களா?

வெட்டவில்லை. படச்சுருள் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம், அதாவது தனித்தனிப் படம்) ஓடுகிறது. டிவி, டிவிடிக்கான இரண்டு முறைகளில் ஒன்றான பிஏஎல் முறை டிவிடி நொடிக்கு 25 சட்டம் காட்டுகிறது. அதனால் படம் நூற்றுக்கு நான்கு பங்கு வேகமாக முடிந்துவிடும். 197-ஐ 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்தால் 189 வரும். அதே கணக்கில் வண்ண வடிவம் 170 நிமிடம் காட்டும். மற்றொரு முறையான என்டிஎஸ்சி டிஸ்க்கில் இந்த வேகமேற்றம் கிடையாது. அங்கே 189 காட்டினால் நிஜமாகவே ஏதோ போயிருக்கிறது.

வேகத்தோடு சுருதியும் ஏறும், அரைக்கட்டைக்குச் சற்றுக் குறைவாக. சாதாரணமாகக் கேட்பவர்களுக்குத் தெரியாது. லதா பாட்டைப் பல ஆண்டுகளாக இசைத்தட்டில் கேட்டுப் பழகியவர்கள் மட்டும் "குரல் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரி இருக்கே" என்பார்கள். அவர்கள் காது சொல்வது சரிதான்.

எதை முதலில் பார்க்கணும், கறுப்பு வெள்ளையா கலரா?

கறுப்பு வெள்ளையைத்தான். இதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. படம் நெடுநேரம் சாம்பல் நிற உலகில் ஓடுகிறது: இருண்ட தாழ்வாரங்கள், புகை, தூண்களின் நிழல். அதன் பிறகு, பேரரசர் முன்னிலையில் ஷீஷ் மஹல் என்ற கண்ணாடி மாளிகையில் அனார்கலி தன் காதலை மறைக்காமல் பாடி ஆடும் இடத்தில் திரை முழுக்க வண்ணம் வெடிக்கிறது. அவள் பயத்தை உதறும் நொடியும் திரை நிறம் பெறும் நொடியும் ஒன்றாக வருகின்றன. மேலே கண்ணாடிச் சில்லுகளில் ஒவ்வொன்றிலும் அவள் தெரிகிறாள், அக்பர் எங்கே திரும்பினாலும் தப்ப முடியவில்லை. முதல் சட்டத்திலிருந்தே வண்ணமாக இருக்கும் வடிவத்தில் இந்த அதிர்ச்சி போய்விடுகிறது. அது இன்னொரு நல்ல பாட்டாக நின்றுவிடுகிறது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். டெக்னிகலர் ரீல்கள் வந்த பிறகு ஆசிப்பே முழுப் படத்தையும் வண்ணத்தில் மறுபடி எடுக்க ஆசைப்பட்டார். காத்திருந்து களைத்த விநியோகஸ்தர்கள் ஒப்பவில்லை. ஆகவே வண்ண வடிவம் இயக்குநரின் கனவுக்கு எதிரானது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர் விரும்பியது வண்ணச் சுருளில், வண்ணத்துக்கான ஒளியமைப்பில் எடுப்பதை. ஏற்கெனவே எடுத்ததன் மேல் நிறம் பூசுவது அதுவாகாது.

கறுப்பு வெள்ளையில் ஓடிட்டிருந்த படம் திடீர்னு கலரா மாறுது. டிஸ்க் கோளாறா?

இல்லை, 1960-ல் வெளியானதே அப்படித்தான். ஷீஷ் மஹல் பாடலும் இறுதிப் பகுதியும் டெக்னிகலர். அந்தப் பாடலுக்குப் பிறகு மறுபடி கறுப்பு வெள்ளைக்குத் திரும்புவதும் சரியே. மாறும் இடத்தில் படத்தின் மணிமணியான துகள் தன்மையும் கூர்மையும் சற்று வேறாகத் தெரியும். வேறு வகைச் சுருள் என்பதுதான் காரணம்.

கலர் வடிவத்துல முகமெல்லாம் மெழுகு மாதிரி இருக்குன்னு நிறைய பேர் எழுதுறாங்க. ஏன்?

கறுப்பு வெள்ளைச் சுருளில் பதிவாவது வெளிச்சத்தின் அளவு மட்டும். கன்னத்தில் ஓடும் சிவப்பு, கண்ணின் கீழ் உள்ள நீலச் சாயல், கழுத்து வேறு முகம் வேறு என்ற வித்தியாசம் எதுவும் அதில் இல்லை. பின்னால் ஏற்றும்போது ஒரு முகத்துக்கு ஒன்றிரண்டு சாயல்தான் கொடுக்க முடிகிறது. 177 நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,55,000 சட்டங்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு முகத்துக்கும் உயிர்த்தோல் நிறம் தீட்டுவது நடக்கிற காரியமா? துணி, நகை, திரைச்சீலை போன்றவற்றில் வண்ணம் நன்றாக ஒட்டுவதும், முகத்தில் மட்டும் ஒட்டாததும் இதனால்தான்.

இன்னொரு காரணம் டிவிடியே. 720-க்கு 480 புள்ளி கொண்ட படத்தில் நிறத் தகவல் 360-க்கு 240 அளவில்தான் சேமிக்கப்படுகிறது. அதனால் உதட்டுச் சிவப்பும் சரிகை ஓரமும் கோட்டைத் தாண்டி லேசாகக் கசியும். உங்கள் டிவியில் 'விவிட்' அல்லது 'டைனமிக்' அமைப்பு போட்டிருந்தால் இது இரட்டிப்பாகத் தெரியும். 'சினிமா' அமைப்புக்கு மாற்றி, நிறத்தை ஐந்தாறு புள்ளி குறைத்தால் பாதிக் குறை தணியும்.

அப்போ கலர் டிவிடியைப் போட்டு ரிமோட்ல நிறத்தைச் சுழியம் ஆக்கிட்டா பழைய படம் கிடைச்சிடுமே?

கிடைக்காது. வெட்டிய 20 நிமிடம் திரும்பி வராது, ஒலியும் புதியதுதான் கேட்கும். இவற்றைவிட முக்கியமாக, ஷீஷ் மஹல் பாட்டும் சாம்பலாகிவிடும். முழு வண்ண வடிவத்தில் அந்த ஒரு வெடிப்பு தனியாகத் தெரிவதில்லை, இப்படிச் செய்தால் வண்ணமே இருக்காது.

இதே தவறை மூலப் பதிப்பு வைத்திருப்பவர்களும் செய்கிறார்கள். கறுப்பு வெள்ளையில் பச்சையோ நீலமோ லேசாகத் தெரிகிறது என்று நிறத்தைச் சுழியத்தில் வைத்துவிட்டு, பாட்டு வரும்போது மறந்துவிடுகிறார்கள். நிறச் சாயல் தொந்தரவு செய்தால் 'கலர் டெம்பரேச்சர்' அமைப்பை 'வார்ம்' பக்கம் நகர்த்துங்கள், நிற அளவைத் தொட வேண்டாம்.

எல்லாரும் குட்டையா குண்டா தெரியுறாங்க. என்ன செய்யணும்?

மூலப் படம் ஏறத்தாழ 4:3 வடிவம். உங்கள் டிவி 16:9. டிவி அதைப் பக்கவாட்டில் இழுத்து நிரப்புகிறது. டிவி ரிமோட்டில் 'ஆஸ்பெக்ட்' அல்லது 'பிக்சர் சைஸ்' என்ற இடத்தில் 4:3 என்று வையுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் டிவிடி பிளேயரின் 'டிவி டைப்' அமைப்பைப் பாருங்கள். எச்டிஎம்ஐ வழியாக இணைத்த சில பிளேயர்கள் தாங்களே இழுத்துவிட்டு அனுப்பும், டிவியில் எதை மாற்றினாலும் பலன் இருக்காது.

இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது அப்படியே இருக்கட்டும். பட்டையைப் போக்க 'ஜூம்' போட்டால் மேலும் கீழும் சேர்த்து நான்கில் ஒரு பங்கு போய்விடும். இந்தப் படத்தில் அரண்மனையின் உயரம்தான் அக்பரின் அதிகாரம். மேலே விதானம், கீழே நடனமாடும் பாதம், இரண்டையும் இழந்து மிஞ்சுவது நடுவில் இருக்கும் தலைப்பாகைகள்தான்.

முகத்தை வழுவழுன்னு காட்டுது, அசைவும் சீரியல் மாதிரி இருக்கு. இதுவும் டிஸ்க்காலயா?

இது டிவியின் வேலை. 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' அமைப்பு சுருளின் துகளை அழுக்கு என்று நினைத்துத் துடைக்கிறது, அதோடு தோலின் வரியும் போகிறது. 'மோஷன்' பெயரில் இருக்கும் அமைப்பு இல்லாத சட்டங்களை நடுவில் செருகுகிறது. இரண்டையும் அணைத்துவிடுங்கள். ஷார்ப்னஸையும் அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள்.

பாட்டெல்லாம் வேற மாதிரி கேக்குதே. பாட்டி வீட்டு ரிக்கார்டுல இப்படி இருக்காது.

வண்ண வடிவத்தைப் பார்த்திருப்பீர்கள். 2004-ல் பல தட ஒலி தேவைப்பட்டது. மூலத்திலோ குரலும் வாத்தியமும் ஒரே தடத்தில் இருந்தன. அதனால் பாடகர்களின் பழைய குரலை வைத்துக்கொண்டு வாத்திய இசையைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். அப்போது உயிரோடு இருந்த நௌஷாத்தே மேற்பார்வை பார்த்தார். ஆகவே "யாரோ கெடுத்துவிட்டார்கள்" என்பது நியாயமில்லை. ஆனாலும் வித்தியாசம் நிஜம். பழைய பதிவில் குரலும் வாத்தியமும் ஒரே அறைக் காற்றைச் சுவாசிக்கின்றன. புதியதில் வயலின்கள் தெளிவாகவும் குரல் சற்று ஒதுங்கியும் நிற்கிறது.

வசனம் கிசுகிசுன்னு கேக்குது, போர் வந்தா வீடே அதிருது. என்ன பண்றது?

5.1 ஒலியில் வசனம் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்களிடம் டிவியின் இரண்டு ஸ்பீக்கர்தான் இருக்கிறது என்றால் பிளேயரின் ஒலி அமைப்பில் 'டவுன்மிக்ஸ்' என்பதை 'ஸ்டீரியோ' ஆக்குங்கள். 'நைட் மோடு' அல்லது 'டிஆர்சி' இருந்தால் போடுங்கள், உரத்த சத்தம் அடங்கி மெல்லிய சத்தம் ஏறும். டிஸ்க்கில் 2.0 தடமும் இருந்தால் அதுவே உத்தமம். மூல மோனோ ஒலியைக் கேட்கும்போது 'சரவுண்ட்' விளைவுகளை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிரித்விராஜின் கர்ஜனை தகரக் குடத்துக்குள் பேசுவது போலாகும்.

தமிழ்ல கிடைக்குமா?

காட்சிகளை இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று மொழிக்காக எடுத்தார்கள். தமிழ் வடிவம் 'அக்பர்' என்ற பெயரில் 1961-ல் வெளியாகி ஓடவில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு ஆங்கில வடிவத்தையே கைவிட்டார்கள். கடையில் முகலே ஆஸம் என்ற பெயரில் இருப்பது இந்தி வடிவம். உறையில் தமிழ் ஒலி என்று தெளிவாக அச்சிட்டிருந்தாலன்றி அதில் தமிழை எதிர்பார்க்க வேண்டாம்.

சப்டைட்டில் இருக்குன்னு வாங்கினேன். பாட்டு வந்தா நின்னுடுது.

பழைய இந்திப் பட டிஸ்க்குகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு. பாட்டு பொழுதுபோக்கு, கதை வசனத்தில்தான் இருக்கிறது என்ற நினைப்பில் செய்தது. இந்தப் படத்துக்கு அது பெரிய இழப்பு. சலீமின் அன்புக்காக அனார்கலியும் அவளுடைய போட்டியாளரான பஹாரும் எதிரெதிரே அமர்ந்து கவ்வாலி என்ற பாட்டுப் போட்டியில் மோதும் இடம் முழுக்க வார்த்தைச் சண்டைதான். இறுதியில் ஒருத்திக்கு ரோஜாவும் மற்றவளுக்கு முள்ளும் பரிசாகக் கிடைக்கும்போது, யார் என்ன பாடினார்கள் என்று தெரியாதவருக்கு அந்த முள் குத்தாது. வாங்கும் முன் "பாடல்களுக்கும் சப்டைட்டில் உண்டா" என்று கேட்டே வாங்குங்கள். விசிடியாக இருந்தால் படத்திலேயே பதித்திருந்தாலொழிய சப்டைட்டிலே இருக்காது.

தனியா எஸ்ஆர்டி கோப்பு (சப்டைட்டில் மட்டும் இருக்கிற கோப்பு) எடுத்துப் போட்டேன். ஆரம்பத்துல சரி, போகப் போகத் தள்ளிப் போகுது.

மேலே 189 நிமிடக் கேள்வியில் சொன்ன அதே 24-25 விவகாரம். நொடிக்கு 25 சட்டக் கணக்கில் செய்த கோப்பை 24 சட்டப் படத்துக்குப் போட்டால், ஒரு மணி நேரத்தில் இரண்டரை நிமிடம் முந்திக்கொண்டு ஓடும். விஎல்சி பிளேயர் மென்பொருளில் ஜி, எச் விசைகளால் முன்னே பின்னே நகர்த்துவது இதற்கு உதவாது, அது நிலையான இடைவெளிக்கு மட்டும். சப்டைட்டில் திருத்தும் மென்பொருளில் சட்ட வேகத்தை 25-லிருந்து 23.976-க்கு (24-ஐ ஒட்டிய கணக்கு) மாற்றிச் சேமியுங்கள்.

படிப்படியாக இல்லாமல் திடீரென்று ஓர் இடத்தில் முறிந்து, பிறகு அதே அளவில் தள்ளியே இருந்தால், அது வேக விவகாரம் அல்ல. ஒரு வடிவத்துக்கான கோப்பை இன்னொரு வடிவத்துக்குப் போட்டிருக்கிறீர்கள். வெட்டு விழுந்த ஒவ்வோர் இடத்திலும் அது முறியும். திருத்துவதைவிட வேறு கோப்பு தேடுவது சுலபம்.

சப்டைட்டில் படிச்சா நடிப்பைப் பார்க்க முடியல. உருது தெரியாம இந்தப் படத்தை ரசிக்க முடியுமா?

முடியும், பத்துப் பன்னிரண்டு சொல் தெரிந்தால் போதும். தர்பார், சலாம், இனாம், கைதி, அந்தஸ்து, ஆஜர் எல்லாம் தமிழில் ஏற்கெனவே புழங்குபவை. கனீஸ் என்றால் அடிமைப் பணிப்பெண், இந்தப் படத்தில் அடிக்கடி விழும் அடி இந்தச் சொல்தான். ஷாஹன்ஷாஹ் பேரரசர். ஸில்லே இலாஹி, கடவுளின் நிழல் என்ற பொருளில் அக்பரைக் குறிப்பது. மஹாபலி என்றும் அவரை விளிப்பார்கள். ஸாஹிபே ஆலம் என்றால் இளவரசன் சலீம். பெற்றோர் அவனைக் கொஞ்சும்போது ஷேக்கூ. இன்ஸாஃப் நீதி, முஹப்பத் காதல், பகாவத் கலகம்.

யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்பதைக் கவனித்தாலே பாதிக் கதை புரியும். தந்தை 'ஷேக்கூ' என்பதை நிறுத்தும் இடத்தில் உறவு அறுகிறது என்று எந்த மொழிக்காரருக்கும் தெரியும்.

ரொம்ப மெதுவா போகுது, எல்லாரும் நாடகம் மாதிரி பேசுறாங்க. இதையா காவியம்னு சொல்றாங்க?

மெதுவாகத்தான் போகிறது. மூன்றே கால் மணி நேரத்தில் நிகழ்ச்சிகள் குறைவு. கதைக்கான வேர் இம்தியாஸ் அலி தாஜ் 1922-ல் எழுதிய நாடகம், அமான், வஜாஹத் மிர்ஸா, கமால் அம்ரோஹி, எஹ்சான் ரிஸ்வி நால்வர் சேர்ந்து உருது வசனம் எழுதினார்கள். சொல்லுக்குச் சொல் பதில் கொடுப்பதே இங்கே வாள்வீச்சு. 'மனோகரா'வில் சங்கிலியோடு தர்பாரில் நின்று முழங்கும் மகனை ரசித்த காதுக்கு இது அந்நியமாக இருக்காது.

"எல்லாரும்" என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. பிரித்விராஜ் மேடைக்குரலில் முழங்குகிறார். திலீப் குமார் அதற்கு எதிராகக் குரலைத் தாழ்த்திக்கொண்டே போகிறார். இடி போல ஒருவர் பேசும்போது மற்றவர் முணுமுணுப்பதால்தான் அந்தக் காட்சிகளில் மூச்சு முட்டுகிறது. துர்கா கோட்டே இருவருக்கும் நடுவில், மனைவியாகவும் தாயாகவும் எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்பார். நேரமில்லை என்றால் இடைவேளையில் நிறுத்தி மறுநாள் தொடருங்கள். ஆனால் வேகமாக ஓட்டாதீர்கள், மௌனங்கள்தான் முதலில் போகும்.

பாட்டையாவது தாண்டிடலாமா? பன்னிரண்டு பாட்டு இருக்கே.

கவ்வாலியைத் தாண்டக் கூடாது, காரணம் சப்டைட்டில் கேள்வியில் இருக்கிறது. ஷீஷ் மஹல் பாட்டைத் தாண்டினால் படத்தையே தாண்டியது போல. அக்பரின் அவைப் பாடகர் தான்சேனுக்காகப் படே குலாம் அலி கான் பின்னணி பாடும் பாட்டைப் பலர் "கர்நாடகக் கச்சேரி மாதிரி" என்று ஓட்டிவிடுகிறார்கள். அந்தக் குரல் தொலைவில் ஒலிக்கும்போதுதான் சலீம் ஒரு வெள்ளை இறகால் அனார்கலியின் முகத்தைத் தீண்டுகிறான். இந்திய சினிமாவின் மிக நெருக்கமான காதல் காட்சி அது. திலீப் குமாரும் மதுபாலாவும் நிஜ வாழ்வில் பிரிந்து போயிருந்த காலம் வரை இந்தப் படப்பிடிப்பு நீண்டது என்பதை அறிந்து பார்ப்பவர்களுக்கு அந்த முகங்கள் இன்னும் கனக்கும்.

விசிடி செட் ஒண்ணு இருக்கு. அது போதாதா?

கதை தெரிந்துகொள்ளப் போதும். விசிடியின் படம் 352-க்கு 288 புள்ளி, வேகம் நொடிக்கு 1.15 மெகாபிட். ஒரு தட்டில் 74 முதல் 80 நிமிடம்தான் அடங்கும். ஆகவே முழுப் படத்துக்கு மூன்று தட்டு வேண்டும். இரண்டே தட்டு இருந்தால் வெட்டியிருக்கிறார்கள். ஷீஷ் மஹல் கூரையின் பிம்பங்கள் விசிடியில் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

டிவிடியிலும் வித்தியாசம் உண்டு. 197 நிமிடத்தை 4.7 ஜிபி ஒற்றை அடுக்குத் தட்டில் அடைத்தால் சராசரி நொடிக்கு 3.2 மெகாபிட்தான் கிடைக்கும். புகையும் நிழலும் பட்டை பட்டையாகத் தெரியும். 8.5 ஜிபி இரட்டை அடுக்கில் 5.7 வரை கிடைக்கும். கணினியில் தட்டின் அளவைப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அடிப்பக்கம் வெள்ளியாக இல்லாமல் ஊதாவாக இருந்தால் அது எழுதப்பட்ட நகல்.

சரியா ஒன்றே முக்கால் மணி நேரத்துல நின்னுடுது. தட்டு புதுசுதான்.

இரட்டை அடுக்குத் தட்டில் அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது தொடங்கும். அரை நொடி தயங்குவது இயல்பு. அடியோடு நின்றால் பிளேயரின் லேசர் தளர்ந்திருக்கலாம், அல்லது தட்டின் வெளி ஓரத்தில் விரல் ரேகை இருக்கலாம். அடுக்கு மாறும் இடம் பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் வரும். மெல்லிய பருத்தித் துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் துடைக்கக் கூடாது. வேறு பிளேயரில் ஓடினால் தட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

இதெல்லாம் நிஜமா நடந்ததா?

அக்பர் 1556 முதல் 1605 வரை ஆண்டார். சலீம் 1600-ஐ ஒட்டி அலகாபாத்தில் தனி அரசு போல நடத்திக் கலகம் செய்தது வரலாறு. அதற்குக் காரணம் அரியணை ஆசை. அனார்கலி, அக்பர் ஆட்சியின் வரலாற்று நூலான அக்பர்நாமாவிலும் இல்லை, சலீம் ஜஹாங்கீர் என்ற பெயரில் பேரரசராகி எழுதிய நினைவுக் குறிப்பிலும் இல்லை. லாகூரில் அனார்கலி கல்லறை என்ற கட்டடம் இருக்கிறது, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஆங்கிலப் பயணி வில்லியம் ஃபின்ச் இந்தக் கதையை ஒட்டிய செய்தி ஒன்றை எழுதியிருக்கிறார். படத்தை வரலாற்றுப் பாடமாக எடுத்துக்கொண்டு "பொய் சொல்லிவிட்டார்கள்" என்று ஒற்றை நட்சத்திரம் கொடுப்பவர்கள், அது நாடகத்திலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

முடிவு புரியல. அவளை உயிரோட சுவர்ல வச்சுக் கட்டிட்டாங்கன்னுதானே கதை? (படம் பார்க்காதவர்கள் இதைப் படிக்க வேண்டாம்.)

வழக்கில் உள்ள கதை அப்படித்தான். படம் ஓர் இடத்தில் திரும்புகிறது. சலீம் பிறந்த செய்தியைக் கொண்டுவந்த பணிப்பெண்ணுக்கு, எப்போதாவது ஒரு வரம் தருவதாக அக்பர் வாக்குக் கொடுத்திருந்தார். அவள்தான் அனார்கலியின் தாய். அந்தப் பழைய வாக்குக்குக் கட்டுப்பட்டு, சுவருக்குப் பின்னால் உள்ள சுரங்க வழியாகத் தாயையும் மகளையும் அக்பரே வெளியேற்றுகிறார். சலீமுக்கு அவள் உயிரோடு இருப்பது தெரியவே கூடாது என்பது நிபந்தனை.

"கோழைத்தனமான முடிவு" என்று எழுதுபவர்கள் முதல் அரைமணி நேரத்தில் வரும் அந்த வாக்குறுதிக் காட்சியைத் தவறவிட்டிருப்பார்கள். அக்பர் சட்டத்தையும் மீறவில்லை, சொன்ன சொல்லையும் மீறவில்லை. மகன் மட்டும் வாழ்நாள் முழுக்கத் தந்தையைக் கொலைகாரனாகவே நினைத்துக்கொண்டிருப்பான். அதை அறிந்தேதான் அவர் அந்தச் சுரங்கத்தைத் திறந்துவிடுகிறார்.